அடுத்த வாரம் ஞ

கயலின் அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டைப் பிடித்திருந்த அவருடைய கைகள்தான். வலை இழுத்துக் காய்த்துப்போன, உப்பில் வெளுத்த கைகள். கேட் திறந்தேதான் இருக்கும். மற்ற பெற்றோர்கள் உள்ளே வந்து, பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் ரோட்டிலேயே நின்று, கம்பியைப் பிடித்தபடி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே ஓரடி எடுத்து வைக்க மாட்டார். கர்வமான மனிதர் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. நான் திருநள்ளாற்றுப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். கடல் என்பது எங்கள் வீட்டில் மாசி மகத்தன்று போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். காரைக்கால் வந்து, பஸ் மாறி, திருவேட்டக்குடியைத் தாண்டி இருக்கும் அந்த மீனவ ஊருக்குப் போய் இறங்கினால் காற்றே வேறு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டி, மாடி வைத்துக் கட்டிய புதுக் கட்டடம். எனக்கு ஒன்றாம் வகுப்பு. எங்கள் தலைமையாசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் ஒரு சின்னக் கரும்பலகை இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ‘இந்த வாரம்’ என்று போட்டு நடத்தியதையும், ‘அடுத்த வாரம்’ என்று போட்டு நடத்தப்போவதையும் எழுதி வைக்க வேண்டும். பெற்றோர்கள் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். யாரும் அதை நின்று படித்து நான் பார்த்ததில்லை. எழுத வேண்டுமே என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கயல் கெட்டிக்காரப் பெண். வாய் ஓயாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வரவே மாட்டாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்த தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “இப்படியே போனா இந்தப் புள்ள ஒண்ணாவதுலயே நின்னுடும். அவங்கப்பாகிட்ட பேசுங்க.” அன்று சாயங்காலம் நானே கேட்டுக்குப் போனேன்.

“நீங்க கரைக்கு வந்துட்டா கயல் பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்ல. இனிமே அவசியம் அனுப்பிவைங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “விசைப்படகுல போறேன் டீச்சர். போனா அஞ்சாறு நாளாவும். கரையில இருக்குறது ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளுதான் எம்புள்ள மூஞ்சிய நான் பாக்குறது. மிச்ச நாளெல்லாம் உங்ககிட்டதான இருக்கா?” என்றார்.

“அப்படின்னா நீங்களும் அவளோட வந்து உக்காந்துக்கங்க” என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். கேட்டைப் பிடித்திருந்த கை சட்டென்று விலகியது. என் பின்னால் நின்ற கயல், “அப்பா வரமாட்டாரு டீச்சர். அவருக்குப் பள்ளிக்கூடம்னா பயம்” என்றாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, வகுப்பு வாசலைக் காட்டி, “அந்தப் போர்டுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“இந்த வாரம் என்ன படிச்சாங்க, அடுத்த வாரம் என்ன படிக்கப்போறாங்கன்னு எழுதியிருக்கு.”

“அடுத்த வாரம் என்ன?”

“ஞ” என்றேன்.

விலகிய கை மறுபடி கம்பியைப் பிடித்தது. பிறகு, “எனக்கும் அடுத்த வாரம் அதுதான் டீச்சர்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கயலை விளையாட அனுப்பிவிட்டு அவரே சொன்னார். பழைய பள்ளிக்கூடம் கரையை ஒட்டி இருந்ததாம். அவர் அங்கே ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று அவர்களுடைய டீச்சர், “லீவு முடிஞ்சு வாங்க, அடுத்த வாரம் ஞ” என்று சொல்லி அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயர் ஞானவேல். வகுப்பில் கண்ணனுக்கும் சந்திராவுக்கும் அவரவர் எழுத்து வந்துவிட்டது, தன் எழுத்து மட்டும் வரவில்லை என்று அவனுக்குப் பல நாள் குறை. அன்றைக்கு வீடு வரை குதித்துக்கொண்டே போனான். ‘என் எழுத்து வருது, என் எழுத்து வருது’ என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். அந்த லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. இவரை யாரோ ஒருவர் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயில் மண்டபத்து மேல் ஏற்றிவிட்டார். ஞானவேலை யாராலும் தூக்க முடியவில்லை. 

பிறகு கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் நடந்தபோது இவரையும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டார். மறுபடியும் விட்டார்கள், மறுபடியும் ஓடி வந்தார். அந்த ஊரில் அந்த வருடம் யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பாவோடு வலை பிரிக்கப் போனார், கொஞ்சம் வளர்ந்ததும் படகில் ஏறிவிட்டார். “க, ங, ச வரைக்கும் தெரியும் டீச்சர். அதுக்கு மேல உள்ளதெல்லாம் கடலு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாசல் பலகையில் என் கையால் எழுதிய ‘அடுத்த வாரம்’ என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்கே ஒரு சொல்லாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை அவர் கடலுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் கயல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், வாங்க. அப்பாவுக்கு ஞ சொல்லிக் குடுக்கணும்.” படகு ஓனர் வீட்டு மாடிக்கு என்னைக் கூட்டிப்போனாள். கடலில் இருக்கும் படகுகளோடு பேசுவதற்கு அங்கே ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. அதில் ஒருவர் பேசுவது எல்லாப் படகுகளிலும் கேட்கும். கரை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் எடுக்காது. சாயங்காலம் ஆனால் பெண்கள் இங்கே வந்துதான் வீட்டுக்காரரிடம் நலம் கேட்டுவிட்டுப் போவார்கள். கயலின் அம்மாவும் அங்கே இருந்தார். கயல் டீவியில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘ஓவர்’ என்பாள்.

“அப்பா, கயல் பேசுறேன். ஞ எழுதப் பழகிட்டேன். ஓவர்.”

கரகரப்புக்கு நடுவே அவர் குரல் வந்தது. “எப்படிம்மா எழுதுறது? சொல்லு.”

“மேல ஒரு கம்பு படுத்துருக்கும். அதுலேருந்து நண்டு கொடுக்கு மாதிரி கீழ வளையும். அப்பறம் வாலு சுத்திக்கிட்டு வரும். ஓவர்.”

சிறிது நேரம் வெறும் இரைச்சல்தான் வந்தது. திடீரென்று யாரோ ஒருவர், வேறு படகிலிருந்து, “பாப்பா, வாலு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இன்னொருவர், நாகப்பட்டினத்துப் படகு என்று பிறகு தெரிந்தது, “கொடுக்கு ஒண்ணா ரெண்டாம்மா?” என்றார். மாடியில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கயல் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். படகில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு நொடியில் அவருக்கு எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால், “ஒருத்தரும் காட்டக் கூடாது, எம்புள்ள சொல்லட்டும்” என்று அவர் சொல்லிவிட்டாராம். தெரிந்தவர்களும் தெரியாதவர்கள் மாதிரி, அவள் சொன்னபடியே வரைந்து பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை படகு கரைக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடி அவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். ஐஸ் பெட்டி மூடியில் கரித்துண்டால் எழுதியவை, ஈர விரலால் படகுப் பலகையில் எழுதியவை என்று வரிசையாகப் படங்கள். ஒன்று அசல் நண்டு. ஒன்று நங்கூரம். ஒன்றைப் பார்த்தால் சேவல் மாதிரி இருந்தது.

“இதுல எது டீச்சர் ஞ?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப அது எப்படித்தான் இருக்கும்?”

“உள்ள வாப்பா. போர்டுல இருக்கு” என்று கயல் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து கேட் உருளும் தண்டவாளத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே கால் வைத்தார். தலைமையாசிரியை தன் அறையிலிருந்து வெளியே வந்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வராந்தாவில் ஏறியதும் கயலின் அப்பா வகுப்பைப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, “மாடிக்குப் படி எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டார். கயல் கூட்டிப்போய்க் காட்டினாள். மேலே கதவு பூட்டாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அவர் இறங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த மொட்டை மாடிக் கதவைப் பள்ளி நேரத்தில் நாங்கள் பூட்டியதில்லை. தலைமையாசிரியையே தினமும் காலையில் போய்த் திறந்து வைத்துவிடுவார்.

வகுப்புக்குள் வந்தவரைப் பிள்ளைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் கரும்பலகையில் ஞ எழுதினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவுதானா?” என்றார். சாக்பீஸைக் கொடுத்தேன். நங்கூரக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார், அது உடைந்துபோயிற்று. அடுத்ததை மெதுவாகப் பிடித்து எழுதினார். “தப்பு!” என்று வகுப்பே கத்தியது. அழித்து எழுதினார். “வாலு தப்பு!” மறுபடி அழித்தார். முதுகுச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முறை அவர் எழுதி முடித்ததும் யாரும் கத்தவில்லை. கயல் எழுந்து கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “சரி” என்றாள். சரியாக எழுதியவர்களுக்குக் கை தட்டுவது எங்கள் வகுப்பு வழக்கம். பிள்ளைகள் தட்டினார்கள்.

அவர் உட்காரப் போகவில்லை. “ஞானவேல்னு எப்படி டீச்சர் எழுதுறது?” என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். மற்ற எழுத்துகள் அவருக்குத் தெரியாது, படம் வரைவது போல ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். அழுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. “வந்துருச்சு, அவன் எழுத்து” என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூளைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தார். பிள்ளைகள் அந்தப் பெயருக்கும் ஒரு முறை கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அப்பா கரையில் இருக்கிறார் என்று கயல் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. கரையில் இருக்கும் இரண்டு நாளும் அவரும் கூட வருவார். கடலுக்குப் போகும் முன் வாசல் பலகை எதிரே வந்து நின்று, அடுத்த வாரம் என்ன என்று கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு போவார். சாயங்காலம் மாடியில் கயலின் பாடம் நடக்கும். எழுத்து முடிந்து சொல் வந்தது, சொல் முடிந்து கூட்டல் வந்தது. படகு எட்டாத தூரம் போய்விட்டால் நடுவிலிருக்கும் வேறொரு படகு கேட்டுச் சொல்லும்: “கயல் அப்பா, இன்னைக்கி உனக்கு ஏழும் அஞ்சும் கூட்டணுமாம். விரல் விடக் கூடாதாம்.” கயலுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பாடம் நடக்காதபோது எந்தெந்தப் படகிலிருந்தோ விசாரித்தார்கள். தலைமையாசிரியை இதைக் கேட்டு, “பள்ளிக்கூடத்துல புள்ளைங்க குறையுதேன்னு கவலைப்பட்டேன். இப்பக் கடல்லயே ஒரு கிளை தொறந்துட்டோம்” என்றார்.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அடுத்த நாள் காலையில் கயலின் அப்பா தனியாக வரவில்லை. வயர்லெஸ்ஸில் மட்டும் குரல் கேட்டிருந்த மனிதர்கள் சிலர் அவரோடு வந்து வாசலில் கூச்சத்தோடு நின்றார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், அந்தப் பக்கமே வராதவர்கள். கடைசி வரிசையில் பாய் போட்டோம். சின்னத் தலைகளுக்குப் பின்னால் பெரிய தோள்கள். நான் ‘ஆடு’ என்றால் முன்னால் கீச்சுக் குரலிலும் பின்னால் கட்டைக் குரலிலும் ‘ஆடு’ என்று வரும். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

அந்தக் கல்வியாண்டின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம் போல வாசல் பலகையில் எழுதிவிட்டு உள்ளே வந்தேன். கயலின் அப்பா வெளியிலேயே நின்று, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். “வி… டு… மு… றை. விடுமுறை.” அவ்வளவு நீளமான ஒரு சொல்லை அவர் யார் உதவியும் இல்லாமல் வாசித்தது அதுதான் முதல் தடவை. கை தட்டலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

“லீவா டீச்சர்?”

“ஆமாங்க. முழு ஆண்டு லீவு. ஜூன்ல தொறந்துடும்.”

“லீவு முடிஞ்சு வாங்கன்னுதான் அப்பவும் சொன்னாங்க” என்றார். குறையாகச் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்தது வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் நின்ற மனிதர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அதே போல ஒரு லீவு இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த அறையிலிருந்து வந்த தலைமையாசிரியை நின்று எங்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். துடைப்பானை எடுத்து அந்தச் சொல்லை அழித்தார். சாக்பீஸை என் கையில் கொடுத்து, “எழுதுங்க டீச்சர். அடுத்த வாரம் என்ன?” என்றார்.

நான் ‘கதை வாசித்தல்’ என்று எழுதினேன்.

மே மாதம் முழுக்க, வெயில் ஏறுவதற்கு முன், காலையில் வகுப்பு நடந்தது. வர விரும்பிய பிள்ளைகள் வந்தார்கள், ஏறக்குறைய எல்லோருமே வந்தார்கள். பின்வரிசை ஒரு நாளும் காலியாக இல்லை. தலைமையாசிரியை மேலிடத்தில் பேசி எப்படியோ அனுமதி வாங்கியிருந்தார். “லீவுலயுமா போவே? ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?” என்று என் அம்மா தினமும் திட்டுவார். “அங்க கொஞ்சம் பேருக்கு லீவு ஒத்துக்காதும்மா” என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். அந்த மே மாதத்தைப் போல வேறு எந்த மாதத்திலும் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போனதில்லை.

தடைக்காலம் முடிந்து, புது பெயிண்ட் அடித்த படகுகள் மாலை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்று சாயங்காலம் ஓனர் வீட்டு மாடியில் நிற்க இடமில்லை. கயல் இரண்டாம் வகுப்புக்குப் போய் சில நாள் ஆகியிருந்தது. மைக்கை எடுத்து அவள் பாடம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் குரல் முந்திக்கொண்டது. “இன்னைக்கி நீ கேளு கயலு. நான் வாசிக்கிறேன்.” ஒன்றாம் வகுப்புக் கதைப் புத்தகம் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தார். ஓர் ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போன கதை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த ராகத்தில் வாசிப்பார்களோ அதே ராகத்தில், ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுத்து இழுத்து வாசித்தார். காற்று அடித்தது, கரகரத்தது, நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றுபோயிற்று. கயலின் அம்மா பதற்றத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கயல் சொல்லிக்கொடுக்கவில்லை. “அவசரம் இல்லப்பா. எழுத்துக் கூட்டிப் படி. ஓவர்” என்று மட்டும் சொன்னாள். மறுபடி குரல் வந்தது. ஆட்டுக்குட்டி சந்தையைச் சுற்றிப் பார்த்து, தன் அம்மாவைக் கண்டுபிடித்து, வீடு திரும்பியது. “கதை முடிந்தது” என்ற கடைசி வரியையும் அவர் விடாமல் வாசித்தார்.

ஒரு படகு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் எத்தனை என்று சொல்ல முடியாதபடி எல்லாம் சேர்ந்து அடித்தன. அந்தச் சின்னப் பெட்டி அதிர்ந்தது. கயலின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். கயல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அப்பா பாஸு! அப்பா பாஸு!” என்று கத்தினாள். அந்த ஒரு தடவை அவள் ‘ஓவர்’ சொல்ல மறந்துவிட்டாள்.

இப்போது கயல் நான்காம் வகுப்பு. அவள் அப்பாவும் தன் கணக்கில் நான்காம் வகுப்புதான். நான் இன்னும் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறேன். என் பின்வரிசையில் இப்போது வேறு ஆட்கள் உட்காருகிறார்கள், சில சமயம் அம்மாக்களும் வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை நான் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கயலின் அப்பா நான்காம் வகுப்பு ஆசிரியரை மடக்கிப் பிடித்து வைத்திருந்தார்.

“இந்தத் தடவை ரொம்ப தூரம் போறோம் சார், வர நாளாவும். ரெண்டு வாரத்துப் பாடத்தையும் இப்பவே சொல்லிடுங்க.”

“பொண்ண முந்திக்கிட்டுப் போகப் பாக்குறீங்களா?” என்று ஆசிரியர் கேட்டார்.

“பின்ன? நான் அப்பன்ல?”

வராந்தாவின் மறுகோடியிலிருந்து, பையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கயல் ஓடி வந்தாள். “சொல்லாதீங்க சார்! சொல்லாதீங்க! நாங்க ஒண்ணாதான் படிப்போம்!”